மூலையில் நிற்பவரின் சொல்

குத்துச்சண்டையில் ஒரு சுற்றுக்கு மூன்று நிமிடம். சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே ஒரு நிமிடம் ஓய்வு. அந்த ஒரு நிமிடத்தில் வீரனை முக்காலியில் உட்காரவைத்து, பல்காப்பை எடுத்துக் கழுவி, வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்து, புருவத்து வெட்டில் மருந்துப் பஞ்சை வைத்து அழுத்தி, வீங்கிய கன்னத்தில் குளிர்ந்த இரும்பை ஒற்றியெடுக்க வேண்டும். அதற்கிடையில், அடுத்த மூன்று நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை இரண்டே வாக்கியத்தில் காதில் போட வேண்டும். இந்த வேலைக்குப் பொறுப்பானவர் பயிற்சியாளர். வடசென்னையில் அவரை வாத்தியார் என்பார்கள். அவருக்கு இன்னோர் உரிமையும் உண்டு. தன் ஆள் இனி அடி வாங்கக் கூடாது என்று முடிவு செய்தால், சண்டையை நிறுத்தச் சொல்லலாம். உலகம் நினைவில் வைத்திருக்கும் பல சாம்பியன்களின் வாழ்க்கை, இந்த உரிமையை யார் எப்போது எடுத்தார்கள் என்பதில்தான் திரும்பியிருக்கிறது.

சாம்பியன்களின் கதை பெரும்பாலும் ஒரே வார்ப்பில் சொல்லப்படுகிறது: பசி, அவமானம், வைராக்கியம், பட்டம். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் பசித்த பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வைராக்கியத்துக்கும் எங்கும் பஞ்சமில்லை. ஒரு மனிதன் தன் பலத்தையும் அதன் எல்லையையும் தானே அளந்துகொள்ள முடியுமா, அதற்கு இன்னொருவரின் கண் வேண்டுமா என்ற கேள்வி எல்லோருக்கும் உரியது. குத்துச்சண்டையில் மட்டும் அது ஒரு நிமிடத்துக்குள், ரத்தத்தின் முன்னால், பதில் கேட்கிறது.

ஜோ லூயிஸ் 1914-ல் அலபாமாவில் பிறந்தார். குத்தகைக்குப் பருத்தி பயிரிட்ட குடும்பம் அது. 1926-ல் பிழைப்புத் தேடி டெட்ராய்ட்டுக்குப் போனது. மகன் வயலின் கற்கட்டும் என்று தாய் கொடுத்த காசை, அவர் புரூஸ்டர் மையம் என்ற பயிற்சிக் கூடத்தில் கட்டிக் குத்துச்சண்டை கற்றார். தொழில்முறைக்கு வந்தபோது அவரை ஏற்றுக்கொள்ளும்படி ஜாக் பிளாக்பர்னைக் கேட்டார்கள். அவரும் கறுப்பினத்தவர், பழைய லைட்வெயிட் வீரர், சிறைவாசம் பார்த்தவர். முதலில் தயங்கினார். 1915-ல் ஜாக் ஜான்சன் பட்டத்தை இழந்த பிறகு, ஹெவிவெயிட் பட்டத்துக்கு மோதும் வாய்ப்பு எந்தக் கறுப்பினத்தவருக்கும் தரப்படவே இல்லை. கிடைக்காத பட்டத்துக்கு ஒருவனை எதற்குத் தயார் செய்வது என்பது அவருடைய தயக்கம். பிறகு ஏற்றுக்கொண்டு, காலை ஊன்றி, சமநிலை குலையாமல், குறுகிய தூரத்திலிருந்து அடிக்கும் முறையைப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார்.

1936 ஜூனில் ஜெர்மானியர் மாக்ஸ் ஷ்மெலிங் லூயிஸை 12-ஆம் சுற்றில் வீழ்த்தினார். ஜாப் எனும் நேர்க்குத்தை விட்டுத் திரும்பும்போது லூயிஸ் இடது கையைத் தாழ்த்துகிறார் என்பதை ஷ்மெலிங் முன்கூட்டியே கவனித்து வைத்திருந்தார். அந்தக் குறை களையப்பட்டது. 1937 ஜூன் 22 அன்று ஜேம்ஸ் பிராடக்கை வென்று லூயிஸ் சாம்பியன் ஆனார். சரியாக ஓராண்டு கழித்து ஷ்மெலிங்கை 2 நிமிடம் 4 நொடியில் முடித்தார். 25 முறை பட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டார். ஹெவிவெயிட்டில் அந்தக் கணக்கை இன்றுவரை யாரும் தாண்டவில்லை.

பிளாக்பர்ன் 1942-ல் இறந்தார். அதே ஆண்டு லூயிஸ் இரண்டு சண்டைகளின் சம்பளத்தை ராணுவ, கடற்படை நிவாரண நிதிகளுக்குக் கொடுத்தார். ஆனாலும் போருக்குப் பிறகு வரிக் கடன் கழுத்தைப் பிடித்தது. 1949-ல் ஓய்வு பெற்றவர் 1950-ல் திரும்பி வந்தார். 1951 அக்டோபரில் ராக்கி மார்சியானோ அவரை எட்டாம் சுற்றில் கயிறுகளுக்கு வெளியே விழும்படி அடித்தார். பிளாக்பர்ன் உயிரோடு இருந்திருந்தால் தடுத்திருப்பார் என்று சொல்லத் தோன்றும். ஆனால் வரித்துறையை எந்த வாத்தியாராலும் தடுத்துவிட முடியாது. போதும் என்று சொல்ல ஒருவர் இருப்பது பாதி. அதைக் கேட்டு நடக்கும் நிலையில் வாழ்க்கை இருப்பது மறுபாதி.

அந்தப் புரூஸ்டர் கூடத்தில் லூயிஸுடன் பயிற்சி செய்தவர்களில் எடி ஃபட்ச் ஒருவர். 1911-ல் மிசிசிப்பியில் பிறந்து டெட்ராய்ட்டில் வளர்ந்தவர். எடையில் லூயிஸை விட மிகவும் குறைவு. ஆனால் வேகக்காரர் என்பதால் லூயிஸ் அவரையே பயிற்சி மோதலுக்கு விரும்பி அழைப்பார். தொழில்முறைக்குப் போகும் முன் நடந்த மருத்துவச் சோதனையில் ஃபட்ச்சின் இதயத்தில் குறை இருப்பது தெரிந்தது. அத்தோடு சண்டை முடிந்தது. அவர் பயிற்சியாளர் ஆனார். வேண்டாம் என்று இன்னொருவர் சொன்னதை ஏற்றுக்கொண்ட வாழ்க்கை அது. பின்னாளில் அவர் எடுத்த முடிவுகளில் இதற்குப் பங்கு இருந்திருக்கும்.

ஜோ ஃபிரேசியர் 1944-ல் தென் கரோலினாவின் போஃபர்ட்டில் பிறந்தார். தந்தைக்கு ஒரு கை கிடையாது. சிறுவயதில் பன்றி துரத்தியபோது விழுந்து ஃபிரேசியரின் இடது கை முறிந்தது. மருத்துவரிடம் போக வசதியில்லாததால் அது கோணலாகவே கூடி, கடைசிவரை முழுதாக நீளவில்லை. மடிந்தே இருந்த அந்தக் கைதான் பிறகு உலகம் அஞ்சிய இடது ஹூக், அதாவது வளைத்து வீசும் குத்து, ஆனது. பிலடெல்ஃபியாவில் இறைச்சிக் கூடத்தில் வேலை பார்த்தபடி, உடம்பைக் குறைப்பதற்காகக் காவல்துறை நடத்திய பயிற்சிக் கூடத்துக்குப் போனவரை யாங்க் டர்ஹம் கண்டெடுத்தார். 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்கு ஃபிரேசியர் தேர்வாகவில்லை. தேர்வான பஸ்டர் மாத்திஸ் கையில் அடிபட்டு விலகியதால்தான் போனார். அரையிறுதியில் இடது கட்டைவிரல் உடைந்தது. வெளியே சொல்லாமல் இறுதியிலும் மோதித் தங்கம் வென்றார். வலியை மறைக்கத் தெரிந்த மனிதர். அதுவே அவருக்கு ஆபத்தாகவும் இருந்தது.

டர்ஹத்துக்கு உதவியாக வந்த ஃபட்ச், உயரம் குறைந்த ஃபிரேசியரைக் குனிந்து அசைந்து உள்ளே புகும் முறைக்குப் பழக்கினார். முகமது அலி கீழிருந்து மேலாக அப்பர்கட் வீச முனையும்போது வலது கை கீழே இறங்குகிறது, அந்த நொடியில் இடது ஹூக்கை விடு என்பது 1971 மார்ச் 8 சண்டைக்கு ஃபட்ச் சொன்ன பாடம். நியூயார்க்கில் 15-ஆம் சுற்றில் அலி மல்லாந்து விழுந்தது அந்த ஹூக்கில்தான். 1973-ல் டர்ஹம் இறந்த பிறகு ஃபட்ச் முழுப் பொறுப்பையும் ஏற்றார். அதே ஆண்டு அலியின் தாடையை உடைத்து வென்ற கென் நார்ட்டனும் அவர் மாணவரே.

1975 அக்டோபர் 1, மணிலா. அமெரிக்கத் தொலைக்காட்சி நேரத்துக்காகக் காலையிலேயே சண்டை வைத்திருந்தார்கள். அரங்கத்துக்குள் தாங்க முடியாத புழுக்கம். ஃபிரேசியருக்கு ஒரு கண்ணில் ஏற்கெனவே பார்வை மங்கல். பல ஆண்டுகளாக மறைத்து வந்திருந்தார். 13-ஆம் சுற்றில் அவருடைய பல்காப்பு வளையத்துக்கு வெளியே பறந்தது. மற்றக் கண்ணும் வீங்கி மூடிக்கொள்ள, 14-ஆம் சுற்றில் அலியின் வலது கை எங்கிருந்து வருகிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. மீதி ஒரே ஒரு சுற்று. எழுந்து போகத்தான் ஃபிரேசியர் துடித்தார். ஃபட்ச் அவரை மகனே என்று அழைத்து, உட்காரச் சொல்லி, முடிந்துவிட்டது என்றார். இன்று நீ செய்ததை யாரும் மறக்க மாட்டார்கள் என்றார். எதிர் மூலையில் வெற்றி அறிவிப்பைக் கேட்டு எழுந்து நின்ற அலி, சற்று நேரத்தில் தரையில் சரிந்தார். இன்னும் ஒரு நிமிடம் பொறுத்திருந்தால் அலியே வராமல் இருந்திருப்பாரோ என்று இன்றும் விவாதிக்கிறார்கள். ஃபட்ச் கடைசிவரை வருந்தவில்லை. தொழிலில் வளையத்துச் சாவுகளைக் கண்டவர் அவர். ஒரு சுற்றில் கிடைத்திருக்கக்கூடிய பட்டத்தை விட, ஃபிரேசியருக்கு அதன் பிறகு கிடைத்த 36 ஆண்டுகள் பெரியவை என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. ஏழு ஆண்டுகள் கழித்து, லாஸ் வேகாஸில் கொரிய வீரர் கிம் டுக் கூ 14-ஆம் சுற்றுவரை நிறுத்தப்படாமல் சண்டையிட்டார். சில நாளில் இறந்தார். பட்டச் சண்டைகளின் 15 சுற்றுகள் 12 ஆனது அந்த மரணத்துக்குப் பிறகுதான்.

நிறுத்துவது மட்டுமே நல்ல வாத்தியாரின் அடையாளம் என்றும் கொள்ள முடியாது. அலியின் வாழ்க்கை இதற்குச் சான்று. 1954-ல் லூயிவில் நகரில் 12 வயதுச் சிறுவனின் சைக்கிள் திருடுபோனது. திருடனை அடித்து நொறுக்கப் போவதாகக் கொதித்தவனிடம், முதலில் சண்டை போடக் கற்றுக்கொள் என்றார் போலீஸ்காரர் ஜோ மார்ட்டின். அவர் ஒரு பயிற்சிக் கூடமும் நடத்திவந்தார். ஆறு ஆண்டில் அந்தச் சிறுவன் ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றான். 1964 பிப்ரவரி 25 அன்று மயாமி பீச்சில் அன்றைய சாம்பியன் சன்னி லிஸ்டனுடன் அலி மோதியபோது, நான்காம் சுற்று முடிவில் ஏதோ மருந்து பட்டுக் கண்கள் எரிந்தன. கையுறையை அறுத்துவிடுங்கள் என்று கத்தினார். பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி கண்களைத் தண்ணீரால் துடைத்து, ஓடிக்கொண்டே இரு என்று சொல்லி உள்ளே தள்ளிவிட்டார். கண் தெளிந்தது. ஏழாம் சுற்றுக்கு லிஸ்டன் முக்காலியிலிருந்து எழவில்லை. 22 வயதில் அலி சாம்பியன். அன்று அலி கேட்டபடி டண்டி செய்திருந்தால், உலகம் அறிந்த அலி இருந்திருக்க மாட்டார்.

அதே டண்டிக்கு மறுபக்கத்து வேலையும் வந்தது. அலியின் மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ, சிறுநீரகம் பழுதாவதைக் காட்டும் அறிக்கையை 1977-ல் அலிக்கும் அவரைச் சுற்றியிருந்தவர்களுக்கும் அனுப்பினார். பதில் வரவில்லை, அவர் விலகிக்கொண்டார். 1980-ன் தொடக்கத்தில் ஓய்விலிருந்த அலி சென்னைக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் எம்.ஜி.ஆர். முன்னிலையில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை போட்டார். அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று, ஒரு காலத்தில் தன் பயிற்சித் துணையாக இருந்த லாரி ஹோம்ஸை எதிர்த்து மீண்டும் இறங்கினார். அது சண்டையாகவே இல்லை. பத்தாம் சுற்று முடிந்ததும், தன் மூலையிலேயே எழுந்த எதிர்ப்பை மீறி டண்டி நிறுத்தினார். ஆனாலும் 1981 டிசம்பரில் பஹாமாஸில் அலி இன்னொரு முறை மோதித் தோற்றார். 1984-ல் அவருக்குப் பார்க்கின்சன் நோய்க்குறி இருப்பதாக மருத்துவர்கள் சொன்னார்கள். ஓர் இரவை நிறுத்தும் அதிகாரம் மூலையில் நிற்பவருக்கு உண்டு. ஒரு வாழ்க்கையின் போக்கை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இல்லை.

இதை விதியாக்கிவிடலாம் என்று பார்த்தால் ஜார்ஜ் ஃபோர்மேன் குறுக்கே நிற்கிறார். 1974-ல் கின்ஷாசாவில் அலியிடம் பட்டத்தை இழந்து, 1977-ல் விலகிப் போதகரானவர், பத்தாண்டு கழித்துத் திரும்பினார். வயதுக்கு ஒவ்வாத ஆசை என்று எல்லோரும் சொன்னார்கள். 1994 நவம்பரில், 45 வயதில், புள்ளிகளில் பின்தங்கியிருந்த நிலையில் பத்தாம் சுற்றில் சாம்பியன் மைக்கேல் மூரரை ஒரே வலது கையால் வீழ்த்தினார். அன்று அவர் மூலையில் நின்றவர்களில் டண்டியும் ஒருவர். போதும் என்று சொல்பவர்களின் கணக்கும் தப்பும்.

ஃபட்ச்சின் வழி அவருடைய மாணவர் ஃபிரெடி ரோச் வரை நீள்கிறது. மாசசூசெட்ஸ்காரரான ரோச் அடியை அஞ்சாமல் வாங்கும் வீரர். உடலில் மாற்றத்தைக் கண்ட ஃபட்ச் ஓய்வு பெறச் சொன்னார். ரோச் கேட்கவில்லை, தந்தையை மூலையில் வைத்துக்கொண்டு மேலும் ஐந்து சண்டைகள் போட்டார், நான்கில் தோற்றார். 1986-ல் விலகினார். சில ஆண்டுகளில் பார்க்கின்சன் வந்தது. பிறகு ஃபட்ச்சிடமே உதவியாளராகத் திரும்பி, பயிற்றுவிக்கும் கலையைக் கற்றார். ஆசிரியர் சொல் தட்டிய மாணவனை ஃபட்ச் மறுபடியும் சேர்த்துக்கொண்டது, மணிலாவில் அவர் செய்ததற்குச் சற்றும் குறைந்ததில்லை.

ஹாலிவுட்டில் ரோச் நடத்திய வைல்ட் கார்டு கூடத்துக்கு 2001-ல் மேனி பக்கியாவ் வந்தார். பிலிப்பைன்ஸின் தெற்கே வறுமையில் வளர்ந்து, 14 வயதில் வீட்டை விட்டு மணிலாவுக்குப் போய், கூலி வேலை செய்து, தெருவிலும் பயிற்சிக் கூடத்திலும் படுத்து எழுந்தவர். 16 வயதில் முதல் தொழில்முறைச் சண்டைக்கு எடை போதாமல், சட்டைப்பையில் கனமான பொருள்களைப் போட்டுக்கொண்டு தராசில் ஏறியவர். 1998-ல் தாய்லாந்தில் ஃபிளைவெயிட் பட்டம் வென்றார். 2001 ஜூனில், இரண்டே வார அவகாசத்தில் வந்த வாய்ப்பில், தென்னாப்பிரிக்கர் லெஹ்லோஹோனோலோ லெட்வாபாவை ஆறாம் சுற்றில் வென்றார். இடது கையை மட்டுமே நம்பியிருந்தவருக்கு ரோச் வலது கையையும் ஆயுதமாக்கினார். எட்டு எடைப் பிரிவுகளில் பட்டம் வென்ற ஒரே மனிதர் பக்கியாவ்.

2017 ஜூலையில் பிரிஸ்பேனில் ஜெஃப் ஹார்னிடம் பக்கியாவ் தோற்றபோது, ஓய்வைப் பற்றி அவரிடம் பேசப்போவதாக ரோச் சொன்னார். ஃபட்ச் நின்ற இடத்தில் இப்போது ரோச். அடுத்த ஆண்டு பக்கியாவ் அவர் இல்லாமலே பயிற்சி செய்து கோலாலம்பூரில் வென்றார். பிறகு இருவரும் சேர்ந்தார்கள். 2019-ல், 40 வயதில், அதுவரை தோல்வியே காணாத கீத் தர்மனையும் பக்கியாவ் வென்றார். 2021-ல் ஓய்வை அறிவித்தவர், 2025 ஜூலையில், 46 வயதில், மாரியோ பாரியோஸுடன் பட்டத்துக்காக 12 சுற்றுகளும் நின்று சமநிலையில் முடித்தார். ரோச் 2017-ல் தவறாகக் கணித்தார் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. தலையில் விழும் அடிகளின் விளைவு பெரும்பாலும் ஆண்டுகள் கழித்தே வெளியே தெரிகிறது. அது ரோச்சின் உடம்பே அறிந்த உண்மை. சண்டையின் முடிவை நடுவர்கள் அன்றிரவே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். ரோச் அன்று கேட்டது அந்த முடிவைப் பற்றிய கேள்வி இல்லை.