அவளுடைய நிலம்

முதுகலை வகுப்பில் புறநானூறு நடத்தும்போது, பகைவரின் தெருக்களில் கழுதை பூட்டி உழுத பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைக் கடந்துதான் போக வேண்டியிருக்கிறது. பாட்டு அதைப் புகழாகவே சொல்கிறது. அந்தத் தெருக்களில் யார் குடியிருந்தார்கள் என்பது பாட்டில் இல்லை. உழுத மன்னன் பிறகு என்னவானான் என்பதும் இல்லை.

இரண்டாவது கேள்விக்கு நான் இலங்கையைச் சொல்வேன். வலிகாமம் வடக்கில் 1990இல் மக்கள் விட்டுப்போன நிலம் உயர் பாதுகாப்பு வலயமானது. 2009இல் போர் முடிந்தது, ராணுவம் போகவில்லை. பிறர் நிலத்தில் பயிர் செய்தது, காங்கேசன்துறைக் கடலோரத்தில் விடுதி நடத்தியது. 2017இல் முல்லைத்தீவு கேப்பாப்புலவுப் பெண்கள் பிள்ளைகளோடு படைமுகாம் வாசலில் இரவு பகலாக உட்கார்ந்து தங்கள் வீட்டைக் கேட்டார்கள். கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்டது அரசு. பதில் சொல்லத் தேவையில்லாத ஓர் இடம் அதற்குக் கிடைத்துவிட்டால், அந்தப் பழக்கமே சுபாவமாகிவிடுகிறது.

சுபாவம் வடக்கோடு நிற்காது. தமிழ் இளைஞர்களின் கிளர்ச்சியை ஒடுக்க 1979இல் மூன்றாண்டுக்கென்று வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982இல் நிரந்தரமானது. 2022இல் கொழும்புப் போராட்டத்தின் மாணவத் தலைவர்கள் அதே சட்டத்தில் அடைக்கப்பட்டார்கள். 2013இல் வெலிவேரியவில் சுத்தமான தண்ணீர் கேட்டுத் தெருவுக்கு வந்த சிங்கள மக்களை ராணுவம் சுட்டது. 1971இலேயே சிங்கள இளைஞர்களைக் கொன்ற அரசுதான். கொடுமையை வடக்கில்தான் கற்றது என்று சொல்ல மாட்டேன். வடக்கில் அது அன்றாட நிர்வாகமானது.

இவ்வளவும் சொல்லி முடித்தபோது ஒரு மாணவி கேட்டாள்: “மேடம், அது தெற்குக்குத் திரும்பி வராமலே இருந்திருந்தா பரவாயில்லையா?”

சுரீரென்றது. என் வாதத்தில் கேப்பாப்புலவுப் பெண் ஓர் எச்சரிக்கைப் பலகையாகியிருந்தாள்: பாருங்கள், நாளை உங்களுக்கும் இதுதான். மனைவியை அடிக்கிறவனைப் பற்றியும் இப்படித்தான் பேசுகிறோம். பிள்ளைகள் கெட்டுப்போகும், அவனே மிருகமாகிவிடுவான் என்கிறோம். அவளுக்கு வலிக்கிறது என்பது மட்டும் நமக்குப் போதுவதில்லை.

ஆக்கிரமிப்பு அரசைக் கெடுக்கிறது என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் அரசு திருந்துவதற்காக அந்த நிலத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை. அது அவளுடையது, அதனால் தர வேண்டும். அரசின் குணத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான். இந்த ஆண்டு முதல் வகுப்பிலும் அந்த வரிசையில்தான் சொல்கிறேன்.