கொடையின் அளவுகோல்

பண்பாட்டின் மேன்மை விருந்தோம்பலில் விளங்கும். தீபாவளித் திருநாளில் மலேசியத் தமிழர் இல்லங்கள் இனவேறுபாடின்றி அனைவரையும் வரவேற்பது போற்றத்தக்க மரபு. ஆயினும், "வேண்டா" என்று மறுக்கும் விருந்தினர் தட்டில் இனிப்பை வலிந்து வைப்பது அன்பாகுமா?

"ஆண்டிற்கு ஒருநாள்தானே" என்பர் சிலர். ஆயின், திறந்த இல்ல உபசரிப்புகள் வாரக்கணக்கில் நீள்கின்றன. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, இந்நாட்டில் வயதுவந்தோருள் 18.3 விழுக்காட்டினர் நீரிழிவுடையோர். இந்தியரிடையே அவ்விழுக்காடு இன்னும் மிகுதி. மறுத்தால் இல்லத்தார் மனம் நோகுமென அஞ்சி, உண்ணத்தகாததை உண்போர் பலர். அவர்தம் தயக்கத்தைத் தம் அன்பின் வெற்றியெனக் கருதுவது பேதைமை.

விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரே, 'மருந்து' என்னும் அதிகாரத்தில் முன்னர் உண்டது செரித்தபின் அளவோடு உண்ணுமாறு அறிவுறுத்துகின்றார். இவை தம்முள் முரண்பட்டவை அல்ல. கொடுப்போர் பெருமையன்று, பெறுவோர் நலமே கொடையின் அளவுகோல்.

ஆதலின், இனிப்புப் பெட்டிக்கு மாற்றாக நூல்களும் மரக்கன்றுகளும் வழங்கலாம். சுண்டலாலும் விருந்து சிறக்கும். முறுக்கும் அதிரசமும் விலக்கத்தக்கன அல்ல, வற்புறுத்தலே விலக்கத்தக்கது. "போதும்" என்னும் சொல்லை முகமலர்ச்சியுடன் ஏற்பதும் விருந்தோம்பலே. இதனை மாணவர்க்கு உணர்த்துதல் ஆசிரியர் கடன்.