ஜெயிச்ச தீவை முருகன் என்ன செய்தார்?

ஓம் சரவணபவ 🙏

சிறுவாபுரிக்கு ஆறு செவ்வாய் போய் முடிச்ச நண்பர் ஒருத்தர் கேட்டார்: "ப்ரோ, நீங்க அத்திப்பட்டுதானே? பழவேற்காட்டுல படகுல மட்டுமே போகக்கூடிய மணல் திட்டு இருக்காமே. ஆளே இல்லாத பீச்! தரிசனம் முடிச்சு அப்படியே போலாமா?"

வேண்டாம் ப்ரோ. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்கள் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் சுற்றுலாப் படகு சவாரிக்குத் தடை வந்தது. காசு கொடுத்தா ஏத்திப்பாங்கன்னு ரீல்ஸ்ல வரும். அங்கே ஒரு மீனவ அண்ணன்கிட்ட கேட்டேன். "இது மீனுக்குப் போற படகு தம்பி, ஆள் ஏத்துற படகு இல்ல"ன்னு வலையைப் பிரிக்க ஆரம்பிச்சிட்டார்.

ஆனா என்னை யோசிக்க வெச்சது வேற. யாரும் மிதிக்காத இடம்னா நாம மிதிச்சே ஆகணுமா?

கந்தபுராணத்தைப் பாருங்க. சூரபத்மனின் வீரமகேந்திரபுரம் கடலுக்கு நடுவே இருந்த நகரம். முருகப்பெருமான் திருச்செந்தூர்க் கரையில் தங்கி, வீரபாகுவைத் தூது அனுப்புகிறார். பிறகு போர். சூரன் மாமரமாக நிற்க, வேல் பிளந்து சேவலும் மயிலும் ஆகிறான். அத்தோட கதை முடிஞ்சிருச்சுன்னு நாம சூரசம்ஹாரம் பார்த்துட்டு வீட்டுக்கு வந்துடறோம்.

அதுக்கப்புறம்தான் எனக்குப் பிடிச்ச இடம். ஜெயிச்ச நகரத்தில் முருகன் சிம்மாசனம் போடவில்லை. சிறையில் கிடந்த தேவர்களை மீட்டார். வருணனைக் கூப்பிட்டு, அந்த நகரத்தைக் கடலுக்குள் எடுத்துக்கொள்ளச் சொன்னார். திரும்ப செந்தூர்க் கரைக்கே வந்து சிவபூஜை செய்தார். (இவர்கிட்டதான் நாம சொந்த வீடு கேட்டு ஆறு செவ்வாய் போறோம். தாராளமா கேளுங்க, கொடுப்பார்!)

அந்த மணலுக்கும் உரிமைக்காரர்கள் இருக்காங்க. நம்ம கடற்கரைக்குத்தான் பங்குனி ஆமை ராத்திரியில் வந்து குழி தோண்டி முட்டை இடுது. குஞ்சு வெளியே வந்ததும் வெளிச்சம் தெரியுற பக்கம் நகரும். இருட்டுல அது கடல் பக்கம். நாம அங்கே டென்ட் போட்டு, நெருப்பு மூட்டி, டார்ச் அடிச்சா அது நம்மளை நோக்கி வரும். கடலுக்குப் போகாது.

செவ்வாய்க்கிழமை நேரம் மிச்சம் இருந்தா பொன்னேரி பக்கத்துல ஆண்டார்குப்பம் போங்க. பிரம்மாவைக் கேள்வி கேட்ட தோரணையில், இடுப்பில் கை வைத்து நிற்கிறார் பாலசுப்பிரமணியர். சாயங்காலம் பழவேற்காடு ஏரிக்கரை. பூநாரை வர்ற சீசன்னா தூரத்துல வெள்ளையா, இளஞ்சிவப்பா வரிசை தெரியும். தண்ணி பாட்டிலை மட்டும் பையிலயே திரும்பக் கொண்டு வந்துடுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🦚