ஒரு கோணத்தில் கண்ட ஒளி

கல்வராயன் மலையின் சிற்றூர்களில் அமாவாசை இரவைக் கழித்தவர்கள், வானம் எத்துணை அருகில் இறங்கி நிற்கும் என்பதை அறிவர். வடக்கே, சவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தில்தான் 1988இல் இராஜமோகன் என்னும் அறிஞர் ஒரு சிறுகோளைக் கண்டறிந்தார். கணித மேதை இராமானுஜனின் பெயரை அது தாங்கியிருக்கிறது.

இத்தகைய சிறுகோள்கள் தொலைநோக்கியிலும் வெறும் புள்ளிகளே. ஆயினும் அவற்றின் சுழற்சியை அளக்க வழியுண்டு. நீண்ட வடிவுடைய கல் சுழலும்போது, அகன்ற பக்கம் நம்மை நோக்குகையில் ஒளி கூடும். குறுகிய முனை நோக்குகையில் குறையும். ஒரு சுற்றுக்கு இருமுறை இவ்வாறு நிகழும்.

சனியின் பாதையருகிலிருந்து நெப்டியூனுக்கு அப்பால்வரை சென்று மீளும் போலஸ் என்னும் சிறுகோள் 1992இல் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 10 மணி நேரத்தில் ஒரு சுற்று. அவ்வாண்டு அதன் ஒளி நூற்றுக்குப் பதினைந்து அளவே ஏறி இறங்கிற்று. 2003இல் அரிசோனாவிலுள்ள வத்திக்கான் தொலைநோக்கியில் அதை ஆராய்ந்தவர்களுள் இயேசு சபைச் சகோதரர் கை கன்சல்மாக்னோவும் ஒருவர். அப்போது மிகுந்த ஒளி, குறைந்த ஒளியைப்போல் ஏறக்குறைய 1.7 மடங்காக இருந்தது! கல் மாறவில்லை. அது தன் பாதையில் நகர்ந்ததால், நாம் அதைக் காணும் கோணம் மாறியிருந்தது. முதல் அளவை பொய்யன்று. அதை மட்டும் கொண்டு, 'இது ஏறத்தாழ உருண்டைதான்' என்று முடிவு கட்டியிருந்தால் அதுவே பிழையாகும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. "குடிகாரர்கள்தாமே" என்றனர் பலர். உண்மையைச் சொன்னால், நாமும் மனத்துள் அவ்வாறே எண்ணினோம். கல்வராயன் மலை என்றதுமே சாராய ஊறலை நினைக்கப் பழகிய மனம் அல்லவா!

அப்படியானால் எவரையும் எதற்காகவும் தீர்ப்பிடலாகாதோ? நஞ்சை விற்றவர்கள் நீதிக்குமுன் நிற்கத்தான் வேண்டும். அவர்தம் செயலை அளக்கலாம், அளக்கவும் வேண்டும். குடித்தவரின் செயலும் செயலே. ஆனால் கூலி வேலை முடித்து அந்தியில் திரும்பிய ஒருவரை நாம் கண்டது ஒரே கோணத்தில். அவர் விடியலில் புறப்பட்டதையோ, தம் பிள்ளையைத் தோளில் சுமந்ததையோ நாம் கண்டதில்லை.

ஒரு கல்லின் வடிவை உணரப் பதினோர் ஆண்டுகள் தேவைப்பட்டன. கருணாபுரத்தாரை முடிவு கட்ட நமக்கு ஒரு மாலைச் செய்தியே போதுமாயிருந்தது.