பதவி உயர்வும் வாய்மையும்

கிள்ளானில் கடை வைத்திருக்கும் நமக்குப் பட்டாளத்துச் சங்கதி எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். விஷயம் நமக்கும் உரியதே.

இந்திய ராணுவத்தில் லெப்டினன்ட் கர்னல் வரை வருஷக் கணக்கில் உயர்வு கிடைத்துவிடும். கர்னலாவதற்குத் தேர்வுக் குழு சம்மதிக்க வேண்டும்; இடங்களோ கொஞ்சம். அக்குழு முக்கியமாகப் பார்ப்பது, மேலதிகாரி ஆண்டுதோறும் எழுதும் இரகசியக் குறிப்பை. அப்படியிருக்க, அந்த மேலதிகாரியின் திட்டம் தவறென்று எத்தனை பேர் நேரில் சொல்வார்கள்? நம் கடைச் சிப்பந்திகளே கணக்குப் பிசகை முதலாளியிடம் சொல்லத் தயங்குகிறார்கள். அங்கேயோ உயிர்க்கணக்கு.

1962ல் சீன எல்லையில், குளிருடையும் பாதையுமின்றிப் படையை முன்னே தள்ளலாகாதென்று தளபதி உம்ராவ் சிங் ஆட்சேபித்தார். பொறுப்பு அவரிடமிருந்து எடுக்கப்பட்டு, மேலிடத்துக்கு வேண்டியவரான பி. எம். கௌலிடம் போயிற்று. அக்டோபர் 20ல் சீனர் தாக்கினர், பெருந்தோல்வி நேர்ந்தது.

அதற்குச் சற்று முன்புதான், நீலகிரி வெல்லிங்டன் ராணுவ அதிகாரிகள் கல்லூரித் தலைவர் மானெக்சா, ஒளிவுமறைவின்றிப் பேசியதால் விசாரணைக்கு ஆளாகி, உயர்வு தடைப்பட்டு நின்றார். குற்றமற்றவரென்று முடிவாயிற்று. தோல்விக்குப் பின் கௌலின் இடத்துக்கே அவரை அனுப்பினார்கள். 1969ல் தலைமைத் தளபதியும் ஆனார்.

ஆகையால் உண்மை பேசினால் உயர்வு நிச்சயம் என்று நாம் சொல்லத் துணியோம். அந்த யுத்தம் வராதிருந்தால் மானெக்சாவின் கதி என்னவோ! பிள்ளைகுட்டிக்காரரான ஒரு மேஜர் வாய்மூடி இருந்தால் அவரைப் பழிக்கவும் நமக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த மௌனத்துக்கு விலை கொடுப்பவன் பனியில் நிற்கும் சிப்பாய். நம் கோபமெல்லாம் குறிப்பெழுதும் பேனாவைப் பிடித்தவர் மேல்தான். தம்மை மறுத்துப் பேசியவனுக்கும் நியாயமான நாலு வரி எழுத அவருக்கு என்ன தடை?