பழுதான ரூட்டரும் கருதல் அளவையும்

வீட்டில் வைஃபை சரியாக வேலை செய்யாதபோது கண்ணுக்குத் தெரிவது விளைவு மட்டுமே. படம் பாதியில் நின்று சுழல்கிறது. வீடியோ அழைப்பில் குரல் அறுந்து அறுந்து வருகிறது. ‘ரூட்டர் போய்விட்டது’ என்ற முடிவு யாரும் கண்ட காட்சியன்று, கண்டதைக் கொண்டு கருதிக்கொண்டது. கண்ட விளைவிலிருந்து காணாத காரணத்துக்குச் செல்லும் கருத்து எப்போது அறிவாகிறது, எப்போது வெறும் ஊகமாக நின்றுவிடுகிறது? இந்தியத் தத்துவ மரபுகள் பல நூற்றாண்டுகளாக வாதிட்ட கேள்வி இது.

மணிமேகலையின் 27ஆம் காதையில், அறியும் வழிகளான அளவைகளை விளக்கும் அளவைவாதி கருத்தளவை, அதாவது அனுமானத்தை, பொது, எச்சம், முதல் என மூன்றாகப் பிரிக்கிறான். காட்டில் யானையின் ஒலி கேட்டு அங்கே யானை உண்டு என்று அறிவது பொது. வெள்ளத்தைக் கண்டு ஆற்றின் தலைப்பக்கம் மழை பெய்தது என்று அறிவது எச்சம். கருமேகம் கண்டு மழை வரும் என்று அறிவது முதல். பழுது பார்ப்பவர் செய்வது எச்சம்: விளைவு முன்னே நிற்கிறது, காரணத்தைத் தேடிப் பின்னே போக வேண்டியிருக்கிறது.

எச்சத்தில் ஓர் இடர் உண்டு. ஒரே விளைவு வெவ்வேறு காரணங்களால் வரலாம். நியாய சூத்திரம் இந்த மறுப்பை மறைக்காமல் எடுத்துவைக்கிறது: மழை இல்லாமலே, கீழே நீரைத் தடுத்தாலும் ஆறு பெருகுமே, அப்படியானால் அனுமானத்தை எப்படி நம்புவது? வாத்ஸ்யாயனரின் உரை தரும் விடை, அடையாளத்தைக் கூர்ந்து பார்க்கச் சொல்கிறது. மழையால் வரும் வெள்ளம் வேகமாக ஓடும். நுரையும் இலையும் மரத்துண்டும் அடித்துக்கொண்டு வரும். தடுப்பால் தேங்கிய நீரில் இவை இருப்பதில்லை. ஆகவே குற்றம் அனுமானத்தில் இல்லை. பல காரணங்களுக்கும் பொதுவான அடையாளத்தைப் பார்த்து, ஒன்றுக்கே உரிய அடையாளத்தைப் பார்க்காமல் முடிவு கட்டியவரிடம்தான் அது இருக்கிறது.

‘இணையம் வரவில்லை’ என்பது அப்படிப்பட்ட பொது அடையாளம். நிறுவனத்திலிருந்து வரும் ஃபைபர், அதை வாங்கும் மோடம், ரூட்டர், அதற்கு மின்சாரம் தரும் அடாப்டர், இடையே உள்ள சுவர்கள், கையிலுள்ள போன், தொலைவிலுள்ள இணையதளம் என எதில் சிக்கல் இருந்தாலும் அது தோன்றும். ஒவ்வொன்றுக்கும் உரிய தனி அடையாளம் வேறு. ஃபைபர் மோடத்தில் ‘எல்ஓஎஸ்’ விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி சமிக்ஞை வந்து சேரவில்லை. ரூட்டரை மாற்றிப் பயனில்லை. ஒரு போனில் மட்டும் தடங்கல் என்றால் முதலில் அந்தப் போனைத்தான் பார்க்க வேண்டும். லேன் கேபிளில் இணைத்த மடிக்கணினியில் வேகம் முழுதாக வந்து வைஃபையில் மட்டும் குறைந்தால், வெளியிலிருந்து வரும் இணைப்பு நன்றாக இருக்கிறது, சிக்கல் அலைவரிசைப் பக்கம். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாமல் இயங்குவதற்கு வழக்கமாக 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்களே கிடைக்கின்றன. பக்கத்து வீட்டு ரூட்டர்களும் அவற்றையே பங்கிட்டுக்கொள்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைப்பகுதியில்தான் இயங்குகிறது. 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, ஆனால் சுவர்களைக் கடக்கும்போது அந்த அலை அதிகம் வலுவிழக்கும். ரூட்டரின் விளக்குகள் எல்லாம் திடீரென அணைந்து தாமே மறுபடி எரிந்தால், ரூட்டருக்கு முன் அடாப்டரைச் சந்தேகிப்பதே முறை.

அடையாளம் காட்டிய காரணத்தைச் சோதித்து உறுதி செய்ய வேண்டும். காரணம் உள்ள இடத்தில் விளைவு இருப்பதும், அது இல்லாத இடத்தில் விளைவு இல்லாமல் போவதும் சேர்ந்தே இரண்டுக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் என்பது அந்வயம், வியதிரேகம் என்ற பெயர்களில் வழங்கும் நியாய மரபின் நெறி. ஜான் ஸ்டூவர்ட் மில் 1843இல் வெளியிட்ட தருக்க நூலில் சொல்லும் வேறுபாட்டு முறையும் இதற்கு நெருங்கியது: மற்றவை அனைத்தும் அப்படியே இருக்க, ஒன்று மட்டும் மாற வேண்டும். அடாப்டர், சேனல், கேபிள் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் இணையம் திரும்பலாம்; எதனால் திரும்பியது என்பது தெரியவராது.

ரூட்டரை அணைத்து மறுபடி போடுவதையும் இந்த அளவுகோலால்தான் மதிப்பிட வேண்டும். அப்போது தற்காலிக நினைவகம் வெறுமையாகிறது, நிறுவனத்துடனான இணைப்பு புதிதாகத் தொடங்குகிறது. பல நேரங்களில் சிக்கல் தீர்ந்தும்விடுகிறது. ஆனால் காரணத்தைச் சொல்லக்கூடிய அடையாளங்களும் அதோடு போய்விடுகின்றன. அதனால் அணைப்பதற்கு முன் விளக்குகளைப் பார்ப்பதும் கேபிளில் சோதிப்பதும் நல்லது. நிவாரணம் கிடைத்ததாலேயே காரணம் தெரிந்துவிட்டது என்று ஆகாது. ஊசியால் அழுத்தும் ரீசெட் இதனினும் கடுமையானது. சேமித்த அமைப்புகள் அனைத்தையும் அழித்துவிடும். நிறுவனம் தந்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கையில் இல்லாமல் அதைத் தொடக்கூடாது.

பிறரின் சொல்லும் அறிவுக்கு வழியாகலாம். இந்த உரை அளவைக்கு உரியவர் யார் என்பதற்கு வாத்ஸ்யாயனர் தரும் இலக்கணம் பொருளை நேரே அறிந்திருப்பதும், அறிந்ததை அறிந்தபடி சொல்ல விரும்புவதும் ஆகும். வீட்டுக்கு வந்து ஃபைபரில் ஒளியின் அளவைக் கருவியால் பார்த்துச் சொல்லும் பணியாளரின் சொல் இதற்குப் பொருந்தும். பெட்டியைத் திறந்தும் பாராமல் ‘புதுசு வாங்கிவிடுங்கள்’ என்னும் விற்பனையாளரின் சொல் பொருந்தாது.

இறுதியாக ஒழிபு. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார் அளவைகளைப் பேசுமிடத்தில் ஒழிபையும் எண்ணி, எல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடங்கும் என்கிறது. இருக்கக்கூடியவற்றுள் மற்றவற்றை நீக்கி எஞ்சியதைக் கொள்வது ஒழிபு. பட்டியலில் ஒன்று விட்டுப்போனாலும் முடிவு தவறும். ஆகவே எஞ்சியது ரூட்டர்தான் என்று தோன்றும்போதும் ஒரு சோதனை மீதமுண்டு: அதே இடத்தில், அதே இணைப்பில் வேறொரு ரூட்டரை இரவல் வாங்கிப் பொருத்துவது. கோளாறு மறைந்து, பழையதை மீண்டும் வைத்ததும் திரும்ப வந்தால், அதன் அடாப்டரையும் அமைப்புகளையும் ஏற்கெனவே சோதித்துவிட்ட நிலையில், பழுது ரூட்டரில்தான் என்று சொல்ல உரிமை கிடைக்கிறது.

பழுதே இல்லாத ரூட்டரையும் மாற்ற வேண்டிவரலாம். தயாரிப்பாளர் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை நிறுத்திவிட்ட கருவியும், எளிதில் உடைக்கக்கூடிய பழைய வெப் (WEP) பாதுகாப்பை மட்டுமே அறிந்த கருவியும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் வீட்டாரைக் காப்பதில்லை. அங்கே காரணத்தைத் தேட வேண்டியதில்லை. கருவி எதற்காக இருக்கிறது என்ற கேள்வியே போதும். பழுதைத் தேடும் கேள்வியையும் இந்தக் கேள்வியையும் குழப்பினால் நல்ல கருவி குப்பையில் மின்கழிவாகச் சேரும், அல்லது காப்பற்ற கருவி ஓடுகிறது என்பதாலேயே வீட்டில் நீடிக்கும். சோதிக்காமல் வாங்கிய புதிய ரூட்டரிலும் பழைய தடங்கல் தொடரலாம், ஏனெனில் அதன் காரணம் தொடப்படாமல் அப்படியே இருக்கக்கூடும்.