படம் எப்படி இருந்தது?

வீட்டிலிருந்தபடியே படம் பார்க்கும் சௌகரியம் வந்த பிறகு நாம் பார்க்கிற படங்கள் பெருகியிருக்கின்றனவே ஒழிய, அவற்றைப் பற்றிய சம்பாஷணை பெருகியதாகச் சொல்ல முடியவில்லை. பெருகியிருப்பது அபிப்பிராயம். ‘படம் எப்படி இருந்தது?’ என்று ஒருவர் கேட்பதும், ‘பரவாயில்லை, ஒரு தடவை பார்க்கலாம்’ என்றோ ‘இரண்டாம் பாதி சுத்த இழுவை’ என்றோ மற்றவர் பதில் சொல்வதும், உடனே இருவரும் வேறு விஷயத்துக்குப் போய்விடுவதும் நாள்தோறும் நடக்கிற காரியம். இவ்வளவு பேசியும், கேட்டவருக்குப் படத்தைப் பற்றியாவது படம் பார்த்தவரைப் பற்றியாவது புதிதாக ஒன்றும் தெரிந்துவிடுவதில்லை. கேள்வியிலேயே கோளாறு இருக்கிறது என்பது என் துணிபு. எப்படி இருந்தது என்று கேட்டால் தீர்ப்புத்தான் பதிலாக வரும். தீர்ப்பு வந்தபின் பேச்சுக்கு இடமேது? ‘என்ன பார்த்தீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். எதிரே இருப்பவர் சற்றுத் திகைப்பார். பிறகு ஏதோ ஒரு காட்சியைச் சொல்லத் தொடங்குவார். அதிலிருந்து அவரே எதிர்பாராத ஓர் இடத்துக்குப் பேச்சு போய்ச் சேரும்.

டெண்டுக் கொட்டகையில் மணலைக் கூட்டி மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்து படம் பார்த்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். அந்தக் கொட்டகைகளில் பெரும்பாலும் ஒரே ஒரு புரொஜெக்டர்தான் இருக்கும். ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போடுவார்கள்; முறுக்கும் சோடாக் கலரும் விற்கிற பையன்கள் தரை டிக்கெட்டுக்கும் பெஞ்சு டிக்கெட்டுக்கும் நடுவே புகுந்து வருவார்கள்; அதற்குள் கதாநாயகி செய்தது சரியா தவறா என்று இரண்டு கட்சிகள் உண்டாகி விவாதம் மூண்டுவிடும். ஆட்டம் விட்டு ஊருக்கு நடந்து வருகிற வழியெல்லாம் அந்த விவாதம் தொடரும். வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்திலோ, கதைச் சுருக்கத்தை மிகவும் நெருக்கடியான கட்டத்தில் நிறுத்தி, மீதியை வெள்ளித் திரையில் காண்க என்று அச்சிட்டிருப்பார்கள். கதையை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்கிற நாகரிகம் அந்த மலிவுக் காகிதத்துக்கு இருந்தது. இன்று படத்தின் முடிவை முதல் வாக்கியத்திலேயே போட்டு உடைக்கிற படித்த நண்பர்கள் சிலருக்கு அது இல்லை.

1975 ஆகஸ்டு 15ஆம் தேதி சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிய பிறகு படம் வீட்டுக்குள் வந்தது. வந்ததே தவிர, தனிமையில் பார்க்கிற பொருளாக அது உடனே மாறிவிடவில்லை. தெருவில் பெட்டி வைத்திருந்தவர் வீட்டுக் கூடம் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஜனங்களால் நிரம்பிவிடும். வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டிலேயே கால் நீட்ட இடமில்லாமல் சங்கடப்படுவார்கள். பின்னர் வீடியோ டெக்கை வாடகைக்கு எடுத்து, கொடுத்த பணம் வீணாகக் கூடாதென்று விடிய விடிய மூன்று படம் பார்த்த காலமும் வந்து போயிற்று. இப்போது அவரவர் கையில் அவரவர் திரை, அவரவர் காதில் அவரவர் ஒலி. இதற்காக ஒப்பாரி வைப்பது என் நோக்கமன்று. ஜப்பானிலும் ஈரானிலும் வங்காளத்திலும் எடுத்த படங்கள், எங்கள் ஊர்க் கொட்டகைக்கு ஒருநாளும் வந்திராத படங்கள், இன்று கூடத்துக்கே வருகின்றன என்பது சாமானியமான லாபமல்ல. நஷ்டம் வேறோர் இடத்தில் இருக்கிறது. கொட்டகையிலிருந்து வீடு வரைக்கும் நடந்த அந்த நடை போய்விட்டது. ஒரு படம் முடிந்த அடுத்த விநாடியே அடுத்த படத்தின் பெயர் திரையில் வந்து நிற்கிறது.

தீர்ப்புச் சொல்வது நமக்குப் புதிதல்ல என்பதும் உண்மைதான். ஆனந்த விகடன் படங்களுக்குப் போட்ட மதிப்பெண்ணுக்காகக் காத்திருந்த வீடுகள் அநேகம். 1977இல் வந்த ‘16 வயதினிலே’ 62.5 மதிப்பெண் பெற்றது என்பதை என் நண்பர்களில் பலர் இன்றும் ஒப்பிப்பார்கள். அந்த விமர்சனத்தில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் ஒருவருக்கும் ஒரு வாக்கியம் நினைவில்லை. ஆனால் அந்தப் படத்தில் வரும் சப்பாணியின் சாய்ந்த நடையைப் பற்றிக் கேட்டால், முழங்கால் வலியையும் பொருட்படுத்தாமல் எழுந்து நடந்து காட்டுவார்கள்.

அண்மையில் எங்கள் வீட்டில் யாசுஜிரோ ஓசு 1953இல் எடுத்த ‘டோக்கியோ ஸ்டோரி’ என்னும் ஜப்பானியப் படத்தைப் பார்த்தோம். கதையென்று சொல்லப் புகுந்தால் நாலைந்து வரிக்கு மேல் போகாது. ஒனோமிச்சி என்னும் கடலோர ஊரில் வசிக்கும் வயோதிகத் தம்பதிகள் டோக்கியோவில் குடியிருக்கும் மக்களைப் பார்க்கப் போகிறார்கள். மூத்த மகன் டாக்டர். மகள் ஷிகே அழகு நிலையம் நடத்துகிறாள். இருவருக்கும் பெற்றோரைக் கவனிக்க அவகாசமில்லை. யுத்தத்தில் மாண்ட இன்னொரு மகனின் மனைவி நோரிகோதான் ஆபீசுக்கு லீவு போட்டு அவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிறாள். பிரயாணம் முடிந்து ஊர் திரும்பியதும் தாய் இறந்துபோகிறாள். இதில் சண்டை இல்லை, சபதம் இல்லை. காமிரா தரையில் பாய்மேல் உட்கார்ந்தவரின் கண்ணளவுக்குத் தணிந்து, ஏறக்குறைய அசையாமலே இருக்கிறது. இடையிடையே புகைபோக்கிகளும் ரயிலும் காயப்போட்ட துணிகளுமாக, கதைக்குச் சம்பந்தமில்லாதவை போன்ற காட்சிகள் வந்து சில விநாடி நின்று போகின்றன. எழுபது வயதுக் கிழவராக நடித்த சிஷு ரியூவுக்கு அப்போது ஐம்பது வயதுகூட நிரம்பவில்லை என்பதைப் பிற்பாடு அறிந்து, அவர் உட்கார்ந்த தோரணையையும் ‘ம்’ கொட்டிய விதத்தையும் மறுபடி நினைத்து வியந்தேன்.

அடியில் ஆங்கில எழுத்துக்கள் ஓடின. என் மனைவிக்கு அவற்றை அந்த வேகத்தில் படிக்க வராது ஆதலால், நான் உரக்க அர்த்தம் சொல்லிக்கொண்டு வந்தேன். சற்று நேரம் பொறுத்துப் பார்த்தவள், “நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. எனக்குப் புரியுது” என்றாள். படத்தின் தொடக்கத்தில், புறப்படுவதற்காக மூட்டை கட்டும்போது, காற்றடைத்து வைத்துக்கொள்ளும் தலையணை எங்கே என்று மனைவி கிழவரைக் கேட்கிறாள். உன்னிடம்தானே கொடுத்தேன் என்கிறார் அவர். என்னிடம் இல்லையே என்று அவள் சொல்லியும், உன்னிடம்தான் இருக்கிறது என்று சாதித்தவர், சற்றுப் பொறுத்துத் தம் பைக்குள்ளிருந்தே அதை எடுக்கிறார். எங்கள் வீட்டில் ஊருக்குக் கிளம்பும் ஒவ்வொரு தடவையும் மூக்குக் கண்ணாடியை முன்னிட்டு நடக்கும் சம்பாஷணை இதுவே; இதற்கு வியாக்கியானம் எதற்கு? மறுநாள், படத்தில் என்ன பார்த்தாய் என்று அவளைக் கேட்டேன். சாவைச் சொல்வாள் என்று எண்ணினேன். “அந்தப் பாட்டி பேரனை மேட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயி, பெரியவனாகி என்ன ஆகப்போறேன்னு கேக்குறா. அது தன் விளையாட்டிலேயே இருக்கு, பதிலே சொல்லலை. நீ டாக்டராகுறப்ப நான் இருப்பேனோ மாட்டேனோன்னு தனக்குத்தானே சொல்லிக்கிறா. அந்த இடந்தான்” என்றாள். சிறு காட்சி அது.

எங்கள் மகள் கோவையில் ஒரு தையலகம் நடத்துகிறாள். விடுமுறைக்கு வந்திருந்தவள் எங்களோடு உட்கார்ந்து பார்த்தாள். ஷிகேயின்மேல் வெறுப்புக் கொள்ளாமல் இந்தப் படத்தைப் பார்ப்பது கடினம். பெற்றோருக்கு இவ்வளவு விலையில் பலகாரம் எதற்கு என்று கணவனைக் கடிந்துகொள்கிறவள் அவள். அவர்களை அட்டாமி என்னும் கடற்கரை ஊர் விடுதிக்கு அனுப்பிவைத்து, இரவெல்லாம் நடந்த கும்மாளத்தில் தூங்க முடியாமல் அவர்கள் சீக்கிரமே திரும்பி வந்ததும், இன்றைக்கு என் வீட்டில் கூட்டம் இருக்கிறதே என்று முகம் சுளிக்கிறவள். ஈமச் சடங்கு முடிந்து சாப்பிட உட்கார்ந்த இடத்திலேயே, அம்மாவின் இன்ன கிமோனோ எனக்கு வேண்டும் என்று கேட்கிறவள். மறுநாள் காலையில் காப்பி குடிக்கும்போது நான் அவளைப் பற்றிக் கடுமையாகவே சில வார்த்தைகள் சொன்னேன். மகள் டம்ளரைக் கீழே வைத்தாள். “நோரிகோ ஆபீஸ்ல ஒரு நாள் லீவு கேட்டா, குடுத்தாங்க. ஷிகே யார்கிட்டப்பா லீவு கேப்பா? கடையை மூடினா அன்னிக்கு வர்ற வாடிக்கை பக்கத்துக் கடைக்குப் போயிடும். போனது திரும்பி வராது. நோரிகோவுக்கு அந்தத் தொல்லை இல்லை. அதனால அவளால நல்லவளா இருக்க முடிஞ்சுது” என்றாள்.

சென்ற தை மாதம், முகூர்த்தங்கள் நெருக்கிக்கொண்டிருந்த சமயத்தில், நாங்கள் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். இரவு பதினொரு மணிக்கும் கீழே தையல் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பற்றி அப்போது அவளும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. காப்பி குடித்த அந்தக் காலையிலும் பேசவில்லை. அவள் சொன்னது ஷிகேயைப் பற்றி. நான் கேட்டுக்கொண்டதும் ஷிகேயைப் பற்றித்தான்.

குடும்பத்துக்குள் முகத்துக்கு நேரே சொல்ல முடியாத விஷயங்கள் அநேகம். சொன்னால் குற்றச்சாட்டாகிவிடுகிறது; சொல்லாவிட்டால் உள்ளேயே கிடந்து புளிக்கிறது. முன்னாளில் இதற்குப் புராணமும் நாட்டுக் கதையும் இருந்தன. பிறந்த வீட்டாரிடம் நேராகக் கேட்க முடியாததை நல்லதங்காள் கதையை இழுத்து ஒரு பெண் கேட்டுவிடுவாள். கைகேயியைப் பற்றித் திண்ணைகளில் நடந்த தர்க்கங்களில் பாதி அயோத்தியைப் பற்றியவை அல்ல. அந்த ஸ்தானத்தை இன்று சினிமா பெற்றிருக்கிறது. மூன்றாம் மனுஷராகிய ஒரு பாத்திரத்தின்மேல் ஏற்றிச் சொல்லும்போது சொல்பவருக்குக் கூச்சமில்லை, கேட்பவருக்கும் மானக்கேடில்லை. ஆனால் அதற்கு இருவரும் ஒரே படத்தைப் பார்த்திருக்க வேண்டும். பார்த்தபின் தீர்ப்பை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடாமல் ஓர் இரவாவது விட்டுவைக்கவும் வேண்டும். ‘நல்ல படம், கொஞ்சம் மெதுவு’ என்று அன்றிரவே சொல்லி முடித்துக்கொண்டு நாங்கள் படுக்கப் போயிருந்தால், மகள் அதைச் சொல்லியிருக்கவே மாட்டாள்.

ஒருவரிடம் படத்தைச் சிபாரிசு செய்வது இன்னொரு வகைச் சங்கடம். நமக்குப் பிடித்ததை அவருக்கும் பிடிக்க வேண்டுமே என்கிற கவலையில், பெண் பார்த்துவிட்டுப் போனவர்களின் பதிலுக்குக் காத்திருக்கிற தகப்பன்போல் தவிக்கிறோம். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரிடம் இதே படத்தைச் சொன்னேன். பார்த்துவிட்டு, “ரொம்ப மெதுவாப் போகுது சார், பாசஞ்சர் வண்டி கெட்டுது” என்றார். நான் வாதாடவில்லை. சில நாள் கழித்துப் பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது அவராகவே தொடங்கினார். அந்தக் குடும்பத்தின் இளைய மகன் கெய்சோ ஒசாகாவில் ரயில்வே உத்தியோகஸ்தன். வேலை நிமித்தம் வெளியூர் போயிருந்ததால் தந்தியைத் தாமதமாகப் பார்த்து, தாய் இறந்த பிறகே வந்து சேர்கிறான். நான் ஓரமாக வைத்துவிட்ட அந்தப் பாத்திரத்தை நண்பர் நடுவில் கொண்டுவந்து வைத்தார். “எங்கம்மா போனப்ப நான் ஜோலார்பேட்டை ரன்னிங் ரூம்ல தூங்கிக்கிட்டிருந்தேன்” என்றார். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் தம் தாயாரைப் பற்றிப் பிரஸ்தாபித்தது அதுவே முதல் தடவை. படம் மெதுவாகப் போகிறது என்கிற அபிப்பிராயத்தை அவர் இன்றுவரை மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றிக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை.

பாலு மகேந்திராவின் ‘வீடு’ 1988இல் வந்தது. பாட்டே இல்லாத படம். இளையராஜாவின் வாத்திய இசை மட்டும் வரும். சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணொருத்தி வீடு கட்டப் புகுந்து படும் பாடுதான் கதை. எங்கள் குளியலறைக்கு டைல்ஸ் ஒட்ட வந்த கொத்தனார், மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, கூடத்து நிலைப்படியில் உட்கார்ந்து எங்களோடு அதைப் பார்த்தார். தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர் பாதி எழும்பிய வீட்டைத் தனியே போய்ப் பார்க்கிற இடத்தில் எங்களுக்குத் தொண்டையை அடைத்தது. கொத்தனாருக்கு அடைத்ததாகத் தெரியவில்லை. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தது அதற்கு முன்பே, காண்டிராக்டர் சிமெண்டைத் திருடுகிறான் என்று சித்தாள் மங்கம்மா சுதாவிடம் சொல்கிற கட்டத்தில். “சித்தாளு வாயைத் தொறந்துச்சுன்னா மறுநாளு எந்த மேஸ்திரியும் வேலைக்குக் கூப்பிட மாட்டான் சார். அது தெரிஞ்சுதான் சொல்லுது” என்றார். படம் நன்றாக இருக்கிறதா என்று அவரைக் கேட்டிருந்தால், மரியாதைக்கு ‘நல்லாருக்கு சார்’ என்று சொல்லிவிட்டுக் கரண்டியை எடுத்துக்கொண்டு எழுந்து போயிருப்பார்.

எல்லாப் படத்துக்கும் இப்படிப் பேச்சு வேண்டுமா என்றால், வேண்டாம். பார்த்ததும் மறந்துவிடத்தக்க படத்தை மறந்துவிடுவதில் குற்றமில்லை. அலுத்துவந்த மனிதருக்கு இரண்டரை மணி நேரம் கவலை மறந்திருப்பதே பெரிய காரியம். ஆனால் எந்தப் படத்தையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்க்கிற இளைஞர்கள் ஓசுவின் பக்கம் போகாமலிருப்பது உத்தமம். அந்தப் புகைபோக்கிகளைத் தாண்டி ஓடினால் அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

‘டோக்கியோ ஸ்டோரி’யைப் பார்க்கச் சந்தர்ப்பம் வாய்க்கிற அன்பர்கள், இயன்றால் வீட்டிலுள்ள இன்னொருவரையும் உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள். மறுநாள் அவரிடம் ஷிகேயைப் பற்றிக் கேளுங்கள். அவள் பக்கம் நின்று அவர் பேசத் தொடங்கினால், குறுக்கிடாமல் முழுவதும் சொல்ல விடுங்கள்.